பழைய புல்லட்டுக்கு பிரீத்தர்: ரப்பர் மூக்கா, ஃபில்டர் லைனா, ரீட் வால்வா?

நம்ம வண்டி காஸ்ட் அயர்ன் 350 புல்லட். செங்கோட்டைல இருந்து புளியரை, எஸ் வளைவு, ஆரியங்காவு வழியா புனலூருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஏறி இறங்கும். மலைல காய்ஞ்சு சாரல்ல நனையுற இஞ்சினுக்கு எந்த பிரீத்தர், அதாவது இஞ்சினுக்குள்ள அமுங்குற காத்து வெளிய போற வழி, ஒத்துவருதுன்னு மூணு விதமாவும் மாட்டி ஓட்டிப் பாத்துட்டேன், அத சொல்லுதேன்.

70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், ஒத்த பிஸ்டன். அது கீழ இறங்கும்போது 346 சிசி காத்த கிராங்க்கேஸுக்குள்ள (பிஸ்டனுக்கு கீழ உள்ள இஞ்சின் அறை) அமுக்குது, 3000 ஆர்பிஎம்ல போனா செகண்டுக்கு 50 தடவ, அது வெளிய போக வழி சரியில்லன்னா ராக்கர் கவர், மெயின் சீல்னு எங்க இடுக்கு கெடைக்குதோ அங்க ஆயில தள்ளிரும். பழைய டூ ஸ்ட்ரோக் யெஸ்டி வச்சிருக்கவங்களுக்கு இந்தப் பாடே கிடையாது, டூ ஸ்ட்ரோக்ல கிராங்க்கேஸ் தானே பம்ப்பு. நமக்கு காத்து வெளிய போணும், ஆனா பிஸ்டன் மேல ஏறும்போது திரும்பி உள்ள வரக்கூடாது.

வாத்து அலகு மாதிரி இருக்குற ரப்பர் மூக்கு இந்த வேலையத்தான் செய்யுது. விலை கம்மி, ரப்பர் மெத்துன்னு இருக்குற வரைக்கும் அருமையா வேலை பாக்கும். ஆனா சூட்டுலயும் ஆயில்லயும் கெடந்து வெறச்சுப் போயிரும். என் வண்டில கழட்டிப் பாத்தப்போ ரெண்டு உதடும் ஒட்டாம ஒரு நூல் அளவு பொளந்தே நின்னுச்சு, விரலால அமுக்குனா நகத்த அமுக்குன மாதிரி இருந்துச்சு. ராக்கர் கவர் கேஸ்கட்ட ரெண்டு தடவ மாத்தியும் ஒழுகுனதுக்கு காரணம் இந்த ரப்பர்தான், கேஸ்கட் பாவம்.

ஏர் ஃபில்டருக்குள்ள பைப்ப விடுறது பாக்க சுத்தமா இருக்கும், தரைல சொட்டாது, புகையும் வெளிய வராது. பிஸ்டன் ரிங் நல்லாருக்குற இஞ்சினுக்கு சரிதான். பழைய இஞ்சின்ல ஆயில் ஆவி ஃபில்டர நனைச்சு, கார்புரேட்டர் வரைக்கும் போயி, பிளக்க கருப்பாக்கிரும். அதுபோக நாள் கணக்கா நிறுத்தி வச்ச புல்லட்டுல ஆயில் டேங்க்ல உள்ள ஆயில் மெதுவா கீழ கிராங்க்கேஸுக்கு எறங்கிரும், ஸ்டார்ட் பண்ணுன உடனே அது மொத்தமா பிரீத்தர் வழியா வந்து ஃபில்டர்ல கொட்டும். நமக்கு இது வேண்டாம்.

இப்ப மாட்டியிருக்குறது ரீட் வால்வு. புனலூர்ல ஒரு சேட்டன் தான் வழி காட்டுனாரு, புகை கொறைக்க எக்சாஸ்டுக்கு காத்து விடுவாங்கல்ல, அந்த யூனிட்டுல இருக்குற சின்ன ரீட். மெல்லிய தகடு, அதனால செகண்டுக்கு 50 தடவ தெறந்து மூடுறதுக்கு ஈடு குடுக்குது. கார் பிரேக் பூஸ்டர் வால்வும் சிலர் போடுதாங்க, ஆனா அதுல ஸ்ப்ரிங் இருக்கு, அது தெறக்கவே கொஞ்சம் பிரஷர் வேணும். வால்வு எதுவானாலும் இஞ்சினுக்கு பக்கத்துல இருக்கணும், ரெண்டடி ஓஸுக்கு அந்தப் பக்கம் மாட்டுனா நடுவுல உள்ள காத்துதான் சுருங்கி விரியும், வால்வுக்கு வேலையே இருக்காது. மாட்டுறதுக்கு முன்னாடி வாயால ஊதி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிடுங்க, திருப்பி மாட்டுனா உள்ள காத்து ஏறி எல்லா சீலும் ஒழுகும். ஐடில்ல ஓஸ் வாய்ல கட்டவெரல வச்சா புஸ் புஸ்னு தள்ளணும், உள்ள இழுக்கவே கூடாது. விடாம பொகையோட தள்ளிக்கிட்டே இருந்தா ரிங் போயிருச்சு, அப்ப எந்த பிரீத்தரும் உதவாது, சிலிண்டர் போர பாருங்க.

வால்வுக்கு அப்புறம் அகலமான ஓஸ், அதுக்கு ஒரு கேட்ச் கேன், வர்ற ஆயில பிடிச்சு வைக்குற டப்பா. கேன் இல்லாம பின்னாடி விடுறவங்க ஓஸ் வாய் டயர் பக்கம் திரும்பாம கட்டுங்க, எஸ் வளைவுல மழை நேரத்துல பின் டயர்ல ஆயில் பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆடி சாரல்ல கேன தெறந்தா அடில மோர் கடைஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கும், பயப்படாதீங்க, அது இஞ்சின் சூடாகி ஆறும்போது சேருற தண்ணியும் ஆயிலும் கலந்தது, கொட்டிட்டு தொடைச்சிருங்க. அத திருப்பி ஆயில் டேங்க்ல ஊத்தாதீங்க.

ஒரு மாசம் நிறுத்திப் போட்ட வண்டின்னா ஓஸ் வாய்ல குளவி மண்ணு வச்சு அடைச்சிருக்கும், கிக்கர மிதிக்குறதுக்கு முன்னாடி ஒரு கம்பிய விட்டு பாத்துருங்க.