உண்மையைப் பிடுங்க வந்த மரம்

மணி 12:07. கல்லறைத் தோட்டத்து யூ (yew) என்ற ஊசியிலை மரம் எழுந்து நடந்து வந்து, வீட்டுச் சுவரைப் பெயர்த்து, பன்னிரண்டு வயது கானரைத் தூக்குகிறது. நான் மூன்று கதை சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பேய்ப்படம் என்று நம்பி ‘ஏ மான்ஸ்டர் கால்ஸ்’ (2016) பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அம்மா புற்றுநோயில் கிடக்கும்போது பையனுக்கு மரமா பயம்?

மூலநாவலின் கரு எழுத்தாளர் ஷிவோன் டவுட் உடையது. 2007இல் அவர் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோக, பேட்ரிக் நெஸ் எழுதி முடித்தார்; 2011இல் வெளியானது. திரைக்கதையும் நெஸ்தான் என்பதால் இயக்குநர் ஜே. ஏ. பயோனாவின் படத்தில் கதையின் எலும்பு முறியவில்லை. நாவலில் ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் உண்டு. படம் முதலிரண்டு கதைகளை நீர்வண்ண அனிமேஷனாக மாற்றியிருக்கிறது. ஈரத்தாளில் சாயம் பரவுவதுபோல ஆட்களும் கோட்டைகளும் ஊறி வருகிறார்கள்.

இரண்டாவது கதையைக் கவனித்துப் பாருங்கள். மருந்து செய்ய யூ மரத்தைக் கேட்கிறான் சிடுமூஞ்சி வைத்தியன். பாதிரியார் தர மறுத்து, ஊரையும் அவனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். தன் மகள்கள் படுக்கையில் விழுந்ததும் மரத்தையும் தருகிறேன், நம்பிக்கையையும் விடுகிறேன் என்று அவனிடமே கெஞ்சுகிறார். மரப்பூதம் இடிப்பது பாதிரியாரின் வீட்டை. கானரும் கூடச் சேர்ந்து உடைக்கிறான். கண் திறந்தால் நொறுங்கிக் கிடப்பது பாட்டியின் வரவேற்பறை! கற்பனை முடிந்து மரத்தூளும் கண்ணாடிச் சில்லும் மிஞ்சுகிற அந்த வெட்டுதான் படத்தின் உச்சம். பாட்டியாக வரும் சிகோர்னி வீவருக்கு அங்கே வசனம் தேவைப்படவில்லை.

அம்மாவின் கடைசி மருந்தும் யூ மரத்திலிருந்தே வருகிறது. இது சினிமாச் சரக்கு இல்லை. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை முதலில் பிரித்தெடுத்தது பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்துதான். பையன் மரத்தின் மேல் பாரத்தைப் போடுவது அதனால் இன்னும் வலிக்கிறது.

சறுக்கல்களும் உண்டு. மூன்றாவது கதை, யார் கண்ணிலும் படாத மனிதனுடையது, இரண்டு வரியில் ஓடிவிடுகிறது. நாவலில் வரும் தோழி லில்லியை எடுத்துவிட்டதால் பள்ளிக்கூடக் காட்சிகளில் அடிப்பவனும் அடிவாங்குபவனும் மட்டுமே மிச்சம். கடைசிப் பகுதியில் நடிப்பே அழவைக்கும்போது, பின்னணி இசை வேறு வந்து தோளைப் பிடித்து உலுக்குகிறது.

108 நிமிடம். பூதத்துக்குக் குரல் கொடுத்த லியாம் நீசனின் அடிக்குரல் போன் ஸ்பீக்கரில் செத்துவிடும், ஹெட்போன் அவசியம். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். வீட்டில் யாராவது நோயில் படுத்திருந்தால், பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று முடிவு செய்யுங்கள். நாவலைப் பிறகு படியுங்கள், முடிவு அதில் இன்னும் இறுக்கம்.

காரணம், படம் ஒட்டவைத்த ஓவிய நோட்டு. அம்மா வரைந்த பக்கங்களில் அதே பூதம், அதே கதைகள். எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டிவிடுகிறது. பாட்டி வீட்டுப் புகைப்படத்தில் தாத்தாவாக இருப்பது லியாம் நீசன். அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அந்த ஒரு புகைப்படமே போதுமாக இருந்தது.