ஈர எடையா, உலர் எடையா?

வீட்டுக் குப்பையில் எது எவ்வளவு என்று அறிய இரண்டு வழி. பிரித்து அப்படியே நிறுப்பது ஒன்று. 105 டிகிரி சூட்டில், எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்தி நிறுப்பது மற்றொன்று.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய் வாங்கிச் சமைத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் குப்பைக்குழாயில் போடும் பையில் சாம்பார் ஊறிய வாழையிலை, தேங்காய்ச் சக்கை, பூசணித் தோல். தூக்கினால் கை இழுக்கும். ஈர எடையில் சாப்பாட்டுக் கழிவுதான் ராஜா. உலர்த்தினால் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். ஓரமாய்க் கிடந்த பிளாஸ்டிக் பையின் பங்கு சட்டென்று ஏறும்.

லாரிக் கணக்குக்கு ஈர எடை போதும். குப்பையை எரிக்கும் துவாஸ் ஆலைக்கு அது மட்டும் போதாது: ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே சுமார் 2.3 மெகாஜூல் வெப்பம் போய்விடும். என் ஓட்டு உலர் எடைக்கே. வீட்டு ஓவனில் மட்டும் முயல வேண்டாம், நாற்றம் தாங்காது!