குப்பித் தட்டும் நீலப் படலமும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நீரிலிருந்து ஒளியால் ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கிகளைச் சலித்தெடுக்க எங்கள் ஆய்வகத்தில் இருப்பது எல்.இ.டி. தட்டுதான். குப்பிகளை வரிசையாக நிறுத்தினால் அடியிலிருந்து ஒளி பாயும். மேலே டங்ஸ்டன் ஆக்சைடும் பல்லேடியமும் பூசிய படலம். ஹைட்ரஜன் பட்டதும் நீலமாகும். எது எப்போது நீலமானது என்பதைக் கேமரா பதிந்துகொள்ளும்.

வேகத்தில் குறையில்லை. ஒவ்வொரு குப்பியாக ஊசியில் வாயு எடுத்து ஜி.சி.யில் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி) செலுத்தினால் நாள் முழுக்கப் போகும் வேலை, இதில் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் தயாரிப்பு வேலை அப்படியேதான் இருக்கிறது. ஆர்கான் ஊதிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆக்சிஜன் கொஞ்சம் மிஞ்சினாலும் எலக்ட்ரான்களை அது பிடுங்கிக்கொள்ளும். நல்ல வினையூக்கிகூட மந்தமாகத் தெரியும். பல தடவை ஊசி குத்திய ரப்பர் மூடியைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

எரிச்சலூட்டிய விஷயம் ஒளிதான். தட்டு முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எல்லா இடத்திலும் பிளாட்டினம் ஏற்றிய கார்பன் நைட்ரைடு என்ற ஒரே வினையூக்கியை வைத்துப் பார்த்தோம்: நடுக் குப்பிகள் முதலில் நீலமாயின, மூலைகள் பின்தங்கின. அதிலிருந்து இடங்களை மாற்றி மாற்றி வைக்கிறோம். நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என அதே கார்பன் நைட்ரைடு எப்போதும் இருக்கும்; அலுமினியத் தாள் சுற்றிய இருட்டுக் குப்பியும் ஒன்று. அலைநீளத்தையும் யோசித்து வாங்குங்கள். 420 நானோமீட்டர் விளக்கில் டைட்டானியம் டை ஆக்சைடு செத்ததுபோல் கிடக்கும். அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும்.

அப்புறம், படலம் ஒரு கட்டத்துக்கு மேல் நீலமாகாது. நல்லதும் மிக நல்லதும் ஒரே நிறம்தான். உதவாததைக் கழிக்க அருமை, தரவரிசை போட லாயக்கில்லை, தேறியவை ஜி.சி.க்குப் போயே ஆக வேண்டும். அங்கே வென்றாலும் பாதிக் கிணறுதான். எலக்ட்ரான் தர ட்ரைஎத்தனோலமீன் இருக்கும்போது ஓடுவது, வெறும் நீரில் நின்றுவிடலாம்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் நடமாடும் ரோபோ 8 நாளில் 688 சோதனைகள் செய்து, ஆரம்பக் கலவையைவிட ஆறு மடங்கு திறனுள்ள ஒன்றைக் கண்டது 2020-இல் வெளியானது. அதுவும் ஹைட்ரஜனை ஜி.சி.யில்தான் அளந்தது. கையில் பணம் குறைவென்றால் வாயு மாதிரிகளைத் தானாகவே ஜி.சி.க்குள் செலுத்தும் கருவியை முதலில் வாங்குங்கள். தட்டும் படலமும் அடுத்த நிதியில் வரட்டும்.