களிமண் வீட்டில் மேட்டுப்பாத்தி: சில வருடங்கள் வளர்த்துப் பார்த்த பிறகு

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் வீடு. கொல்லைப்புற மண் கறுப்புக் களி. சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் கால் வைத்தால் செருப்போடு இழுக்கும். சென்னையில் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். வெயில் தணிந்து காய்கறி நன்றாக வளரக்கூடிய காலமும் அதையொட்டித்தான் வருகிறது. அந்த நேரத்தில் தரையில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் தக்காளியும் மிளகாயும் இரண்டு மூன்று நாளில் தலை தொங்கிவிடும். அதனால்தான் மேட்டுப்பாத்திக்கு வந்தேன். சில வருடங்களாக இரண்டு பாத்திகளில் பயிர் செய்கிறேன். இந்த மாதிரி மண்ணுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாத்தி கட்டுவது ஒருநாள் வேலை. அதற்கு அப்புறம் வருடா வருடம் மண்ணைக் கவனிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கட்டுமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள் அளவு 4 அடி அகலம், 8 அடி நீளம். 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும், மேடு கட்டிய பலனே போய்விடும். சுற்றி 6 அங்குல ஹாலோ பிளாக் இரண்டு வரி, சிமென்ட் பூசாமல் சும்மா அடுக்கியது. ஒரு பாத்திக்குச் சுமார் 40 கல், உயரம் 16 அங்குலம். மரப்பலகை அழகாக இருக்கும், ஆனால் எங்கள் பக்கம் கரையான் விட்டுவைக்காது. கல்லின் ஓட்டைகளிலும் மண் நிரப்பிச் செண்டுமல்லியும் துளசியும் வைத்திருக்கிறேன்.

அடியில் கோழி வலை விரித்துவிட்டுத்தான் மண் போட வேண்டும். சென்னைப் பெருச்சாளிக்குப் பொலபொலவென்ற மண் என்றால் கொண்டாட்டம். பக்கத்துத் தெருவில் ஒருவர் வலை இல்லாமல் கட்டிய பாத்தியில், ஒரே இரவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு முழுவதும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மண் கணக்கு இது: ஒரு பாத்தி நிரம்பக் கிட்டத்தட்ட 43 கன அடி தேவை. லோடு வண்டிக்காரர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. நான் அடியில் தேங்காய் மட்டையும் காய்ந்த இலையும் அரை அடிக்குப் போட்டு, மேலே பாதி செம்மண், மீதியில் மக்கிய தொழுவுரமும் கழுவிய தென்னை நார்க்கழிவும் கலந்தேன். இரண்டு பாத்திக்கும் சேர்த்து அரை யூனிட் செம்மண் தாராளமாகப் போதும். மட்டையும் இலையும் மக்க மக்க மட்டம் இறங்கும். முதல் வருடம் முடிவதற்குள் நன்றாகவே குறைந்துவிட்டது. அது இயல்புதான். ஒவ்வொரு பட்டத்துக்கும் (விதைக்கும் பருவத்துக்கும்) முன்னால் தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போட்டு ஏற்றிவிடுகிறேன். தொடர்ந்து வரும் செலவு இதுதான், ஆரம்பிப்பதற்கு முன்பே இதைக் கணக்கில் வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கீரை போடுங்கள். சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் 25 முதல் 30 நாளில் சமையலுக்கு வந்துவிடும். நாலு வாரத்தில் சொந்தக் கீரையைக் கடைந்து சாப்பிட்டவர் தோட்டத்தை எளிதில் விடமாட்டார். அடுத்து முள்ளங்கி, வெண்டை. களிமண்ணில் கோணல்மாணலாக வரும் முள்ளங்கி பாத்தியில் நேராக இறங்குகிறது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்தால் மருந்து கிடையாது, வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. முதல் செடியில் தெரிந்தவுடனே பிடுங்கிவிட வேண்டும். தக்காளிக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 ரகத்தைப் போடுகிறேன், வீட்டுக் குழம்புக்கு ஏற்ற புளிப்பு.

பாத்தியின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. தோட்டத்தில் முக்கால் அடிக்குத் தண்ணீர் ஏறி நின்றது. பாத்தியின் கீழ்ப்பாதி ஊறியது, மேல்பாதி தண்ணீருக்கு வெளியே இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கத்தரி அசையாமல் நின்றது. மிளகாய் இலை உதிர்த்து, பொங்கலுக்குள் மறுபடி துளிர்த்தது. தக்காளி போய்விட்டது. தரையில் இருந்த வாழைக்கன்றையும் கறிவேப்பிலையையும் தவிர மற்றதெல்லாம் அழுகிப்போனது. ஒரு விஷயம் முக்கியம்: வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும், அது பட்ட கீரையை எவ்வளவு கழுவினாலும் சாப்பிடாதீர்கள். அந்தக் கீரையையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

மழை செய்யும் இன்னொரு நல்லது வெளியே தெரியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோடை முழுவதும் அதையே ஊற்றினால் பாத்தியின் மேல் வெள்ளைப் படலம் கட்டும், கொத்தவரை இலையின் ஓரம் கருகும். மேட்டுப்பாத்தியில் தண்ணீர் கீழே வடிய வழி இருப்பதால், நல்ல மழை நாலு பெய்தால் அந்த உப்பு கரைந்து இறங்கிவிடுகிறது. தை மாதம் என் பாத்திகள் வருடத்திலேயே மிகச் சிறப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தைப்பட்டத்தை நான் தவறவிடுவதே இல்லை.

கோடை வேறு கதை. தண்ணீர் சீக்கிரம் வடிவது மழையில் வரம், மே மாதத்தில் அதுவே பெரிய சிரமம். சிமென்ட் கல் சூடேறி ஓரத்து மண்ணைக் காயவைக்கும். மண்ணின் மேல் இலைதழையால் மூடாக்கு போடாவிட்டால் காலை மாலை இரண்டு வேளையும் பூவாளியைத் தூக்க வேண்டியதுதான். தக்காளி அந்தச் சூட்டில் பூவை உதிர்க்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காய் பிடிக்காது. அதனால் அக்னி நட்சத்திரத்தில் காய்கறி வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த மாதங்களை மண்ணுக்கே கொடுத்துவிட்டேன். "மண்ணை வெறுமனே வெயில்ல போடாதடா, எதையாவது விதைச்சு மூடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். செய்யாறு பக்கம் விவசாயம் பார்த்த கை அது. தட்டைப்பயறு விதைத்தேன். குறைந்த தண்ணீரில் தரையை மூடிக்கொண்டு வளர்ந்தது. பூக்கும்போது அறுத்து அப்படியே மூடாக்காகப் போட்டேன். அடுத்து வந்த ஆடிப்பட்டத்துக் கத்தரி காய்த்த காய்ப்பு, முந்தைய எந்த வருடமும் இல்லாதது.

ஆனால் ஒரு பாத்தியில் வந்த பிரச்சினை பயறு விதைத்துத் தீர்வதாக இல்லை. அதில் வெண்டையும் தக்காளியும் உச்சிவெயிலில் வாடி மாலையில் தெளிவதும், வளர்ச்சி நின்று மஞ்சளடிப்பதுமாக இருந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாத மண் புழு. பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்லது, விரலால் தேய்த்தால் தனியே உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், உதிராது. இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. சின்ன இடத்தில் ஒரே வகைச் செடியைத் திரும்பத் திரும்ப வைக்கும் பாத்திக்கு இது வர வாய்ப்பு அதிகம். தட்டைப்பயறும் இந்தப் புழுவுக்கு இடம் கொடுக்கும் பயிர் என்பதால் அங்கே அதை விதைக்கவில்லை. மே மாதம் அந்தப் பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடி ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டேன். நல்ல நுண்ணுயிரும் கொஞ்சம் அழியும் என்பதால், திறந்ததும் மண்புழு உரம் போட்டு, அந்தப் பட்டம் முழுக்கச் செண்டுமல்லியும் சின்ன வெங்காயமும் மட்டும் வைத்தேன். முழுவதும் ஒழியவில்லை, ஆனால் அடுத்த முறை தக்காளி காய்த்து முடிக்கும் அளவுக்குக் குறைந்தது. இப்போது ஒவ்வொரு கோடையிலும் முதலில் இரண்டு பாத்தியின் வேர்களையும் பிடுங்கிப் பார்க்கிறேன். முடிச்சு தெரிந்தால் தாள், இல்லாவிட்டால் பயறு.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. கடற்கரையை ஒட்டிய மணல் மண் என்றால் தண்ணீர் ஏற்கெனவே ஓடிவிடும், அங்கே மேடு கட்டினால் தண்ணீர்ச் செலவுதான் கூடும். தரை மட்டத்திலோ கொஞ்சம் பள்ளமாகவோ பாத்தி எடுத்து, தொழுவுரத்தை நிறையக் கொடுப்பதே மேல். தினம் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் கீரையைத் தாண்டி ஆசைப்பட வேண்டாம். இதே அளவில் மொட்டை மாடியில் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நனைந்த நிலையில் இந்த ஒரு பாத்தி மண் மட்டுமே ஒன்றரை டன்னுக்குக் குறையாது, கல்லின் எடை தனி. கட்டட இன்ஜினியர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மாடியில் இதைக் கட்டவே கட்டாதீர்கள். அங்கே வளர்ப்புப் பைகளே போதும்.