திறக்காத இன்ஜினுக்கு 7,800 ரூபாய்: வேலூர்ப் பக்கம் பைக் வைத்திருப்பவர்களுக்கு

என்னுடையது ஸ்ப்ளெண்டர், 2014 மாடல். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். புரட்டாசி பிறந்த வாரம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தமும் ஏறும். மேல்விஷாரம் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகி, சத்தம் பாதியாகிவிடும்.

வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெயர் வேண்டாம். ஒரு பையன் ரெண்டு முறுக்கு முறுக்கினான். முதலாளி கல்லாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "போர் தேஞ்சிடுச்சு சார், பிஸ்டன் ஆடுது. இப்படியே ஓட்டுனா ஹைவேல சீஸ் ஆயி நின்னுடும்." போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளை. சீஸ் ஆவது என்றால் பிஸ்டன் அதற்குள் இறுகிச் சிக்கிக்கொள்வது.

நான் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. பிஸ்டன் ஆடினாலும் காலையில்தான் சத்தம் அதிகமாக இருக்கும், சூடானால் குறையும். ஆனால் போர் அந்த அளவுக்குத் தேய்ந்த வண்டி பெரும்பாலும் ஆயில் குடிக்கும், சைலன்சரில் நீலப் புகை விடும். என் வண்டியில் புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. அதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ரெண்டு நாள் கழித்துப் போனேன். போரிங் (அந்தத் துளையைக் கடைந்து சரிசெய்வது), பிஸ்டன் கிட், கேஸ்கட் செட் (இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் தகடுகள்), லேபர் எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். வெள்ளைத்தாளில் கூட்டல் மட்டும் போட்டுத் தந்தார்கள், வண்டி நம்பர்கூட இல்லை. பழைய பிஸ்டன் என்று கீறல் விழுந்த ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். சத்தம் நின்றிருந்தது. "புது போர் சார், 500 கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க" என்றார்கள். நானும் தாண்டவில்லை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் கரும்பு டிராக்டர்கூட என்னை முந்திப் போனது.

ஒன்பதாம் நாள் காலையில் மறுபடி 'டிக் டிக்'. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

ஆபீஸில் ஒருவர் மேல்விஷாரத்தில் ஒரு பாயைக் கைகாட்டினார். காலையில் வண்டியை விட்டுவிட்டு ஷிஃப்டு முடிந்து போனேன். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் தொடுவேன் என்று அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை, வால்வுகளுக்கு மேலுள்ள டேப்பட் மூடியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். சத்தம் அங்கே இல்லை என்று தலையை ஆட்டினார். வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பக்கமும் கேட்டார். செயின் தளர்ந்திருந்தால் கரகரவென்று அரைக்குமாம். அதுவும் இல்லை. அப்புறம் ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தார். முன்னால், சைலன்சர் பெண்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று காற்று பீறியது. அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

உள்ளே இருக்கும் வளைய கேஸ்கட் எரிந்துபோய் புகை கசிகிறது, அவ்வளவுதான். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கு கொஞ்சம் அடைவதால் சத்தம் குறைந்திருக்கிறது. கேஸ்கட் 40 ரூபாய், கூலி 150.

"போர் போட்டேன் பாய்" என்றேன்.

"எங்க தம்பி போட்டே? இன்னா பாரு இத" என்று டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டின், அதாவது சிலிண்டரை மூடியிருக்கும் தலைப்பகுதியின், நான்கு நட்டுகளையும் சுற்றி ஆவணி மழையில் முன்சக்கரம் அடித்த செம்மண் காய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. அவற்றைக் கழற்றாமல் ஹெட்டே வராது, ஹெட் வராமல் பிஸ்டனைத் தொடவே முடியாது. சைலன்சர் பெண்டின் ரெண்டு நட்டுகளில் மட்டும் புதுசாக ஸ்பேனர் பட்ட பளபளப்பு. ஆக, கோளாறு எங்கே என்று அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டு என்னை நாற்பதில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். மெதுவாகப் போனால் கசிவுச் சத்தம் காதில் விழாது அல்லவா? இதை நினைத்தால்தான் எனக்குப் பணம் போனதைவிட எரிகிறது.

அந்தப் பழைய பிஸ்டனையும் பாய் வெர்னியர் அளவுகோலில் அளந்தார். 57 மி.மீ. ஸ்ப்ளெண்டரின் போர் 50 மி.மீ. தான். ஏதோ 150 சிசி வண்டியின் பிஸ்டனை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்ஜின் இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், விடுவதற்கு முன் ஹெட் நட்டுகளில் நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் திறக்கும்போது கூப்பிடச் சொல்லுங்கள். முகம் மாறினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கினால் போதாது, அளக்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டி நம்பர் போட்ட பில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் கூப்பிட்டபோது முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருப்பது கூட்டல் போட்ட தாள், ஜிபே ரசீது, போட்டோக்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் புகார் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்குத் தெருவே வண்டி கழுவியது. நான் சீட்டையும் டேங்கையும் மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தேன். "இன்ஜின்ல இவ்ளோ மண்ணோடவா பூஜை போடறீங்க?" என்று வீட்டில் ஒரே சண்டை. அந்த மண்ணை இப்போதைக்குத் துடைக்க முடியாது.