ஓடைத் தண்ணீர் சோதனை கிட்: வாங்கலாம், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை ஒன்று காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊருணியை நிரப்புகிறது, அதன் நலத்தைப் பார்க்கத்தான் தண்ணீரில் மருந்தைச் சொட்டுவிட்டு நிறம் பார்க்கிற இந்தச் சோதனை கிட்டை வாங்கினேன். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அம்மோனியா, நைட்ரேட் எல்லாம் சுலபம், நிற அட்டையோடு ஒப்பிட்டால் போதும். காசுக்கு மதிப்பு கரைந்த ஆக்ஸிஜன் சோதனையில்தான் இருக்கிறது. குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்ளும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். விடிகாலையில் எடுங்கள், பகலில் பாசி ஆக்ஸிஜன் விடுவதால் மதிய அளவு தண்ணீரை நல்லதாகவே காட்டும், கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

அப்புறம், கிட் அந்த நேரத்துத் தண்ணீரை மட்டும்தான் சொல்லும். நேற்று யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால்? அதை அங்கேயே வாழும் பூச்சி, புழுக்கள்தான் காட்டிக்கொடுக்கும், கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃப்ளை (சுத்தமான தண்ணீரில் வளரும் ஒரு பூச்சி) இளம்பூச்சிகள் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி, சேற்றில் சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு சின்ன வலையும் வெள்ளைத் தட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

பள்ளிக்கூடங்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். சோதித்த மருந்துத் தண்ணீரை மட்டும் ஓடையிலேயே ஊற்றிவிடாதீர்கள், தனி பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.