ஊர் வீட்டில் ரூம் ஹீட்டர்: பில் எவ்வளவு ஏறும்?

குளிர் காலத்தில் ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்குகிறவர்கள் ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓடவிட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். பில் அதற்குப் பிறகுதான் வரும். கட்டுவது வீட்டில் இருக்கும் பெரியவர்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல" என்பார்கள். கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுவிடுவதுதான் மரியாதை.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் வாட் அளவை வைத்து எல்லோரும் போடுகிற கணக்கு இது: 2000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட், எட்டு மணி நேரத்துக்கு 16. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டரில் இது பெரும்பாலும் பொருந்தாது. அறை சூடேறியதும் 'டிக்' என்று நின்று, குளிர்ந்ததும் மறுபடி எரியும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்து, பிறகு 20 நிமிடத்துக்கு 10 நிமிடம் எரிகிறது என்றால் 2 + 7, மொத்தம் 9 யூனிட். மேலே வென்டிலேட்டர் திறந்து கிடந்தால் அந்த 'டிக்' கேட்கவே கேட்காது. அப்போது 16தான்.

வோல்டேஜும் கணக்கை மாற்றும். 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்று போட்டிருக்கும் ஹீட்டர், 200 வோல்ட்டில் 1500 வாட் சொச்சம்தான் இழுக்கும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் இறங்குகிறது. இதை மிச்சம் என்று நினைக்க வேண்டாம். அறைக்கு வேண்டிய சூடு மாறவில்லை, அதனால் ஹீட்டர் கூடுதல் நேரம் எரிந்து அதை ஈடுகட்டிவிடும்.

சரியான எண் மீட்டரில் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கின் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், மோட்டார், முக்கியமாக இன்வெர்ட்டர் சார்ஜிங், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடத்தில் 80 மினுக்கு வந்தால், 80 × 60 ÷ 3200 = 1.5. அதாவது எரியும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை யூனிட். எண்ணப் பொறுமை இல்லையா? படுக்கும்போதும் எழுந்ததும் ரீடிங் எடுங்கள். ஹீட்டர் போடாத ஒரு ராத்திரியின் யூனிட்டை அதிலிருந்து கழித்துவிடுங்கள்.

யூனிட்டைப் பணமாக்கும்போதுதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பழைய பில்லின் சராசரி விலையால் பெருக்கக் கூடாது. படிப்படியாக விலை ஏறும் கட்டணத்தில், ஹீட்டரின் யூனிட்டுகள் வீட்டுச் செலவின் மேலேதான் போய் உட்காரும். வழக்கமாக 160 யூனிட் ஓடும் வீட்டில் 200இல் படி மாறுகிறது என்றால், 20 ராத்திரிக்கு 9 வீதம் சேரும் 180 யூனிட்டில் 40 மட்டுமே பழைய விலை, மிச்சம் 140 அடுத்த விலை. சில கட்டண முறைகளில் வரம்பைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். அதனால் 160க்கு ஒரு பில், 340க்கு ஒரு பில் என்று முழுசாகப் போட்டுக் கழிப்பதே நம்பகமானது.

எந்த ஹீட்டர் சிக்கனம் என்று கடையில் கேட்காதீர்கள். ஆயில் நிரப்பியது, ஃபேன் வைத்தது, ஹாலோஜன் எல்லாமே ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். ஹீட்டிங் வசதியுள்ள ஏசி இருந்தால் கதை வேறு: அது வெளியிலிருந்து சூட்டை இழுத்து வருவதால், அதே யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு தரும்.

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். இதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலோ செருகக் கூடாது, பவர் பிளக்தான் வேண்டும். அரை மணி நேரம் கழித்து அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் பின்கள் கையைச் சுட்டாலோ, அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டையே மாற்றச் சொல்லுங்கள். ஸ்குரூவை முடுக்குவதோடு விட்டால் மறுபடி சுடும்.

120 வோல்ட் நாட்டிலிருந்து ஹீட்டரைப் பெட்டியில் கொண்டுவராதீர்கள். அங்கே 1500 வாட் இழுப்பது 230 வோல்ட்டில் 5500 வாட்டுக்கு எகிறும். ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ஹீட்டரின் கம்பிச் சுருளே போகும்.

வந்த அன்றும் கிளம்பும் அன்றும் மீட்டரை போட்டோ எடுத்துவையுங்கள். நடுவில் ரீடிங் எடுக்கும் தேதி வந்துவிட்டால் செலவு இரண்டு பில்லாகப் பிரியும். அப்போது அந்தத் தேதியின் ரீடிங்கும் வேண்டும்.